சக்கரத்தின் உள்பக்கம்

ஷார்ஜா அல் நஹ்தாவிலிருந்து தேராவுக்கு
காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால் அரை மணி.
ஆறேகால் ஆகிவிட்டால்
கணக்கே கிடையாது.
ஓட்டுகிற ரோலண்ட் அண்ணனோடு ஐந்து பேர்,
மாதக் காசுக்குக் கார் லிப்ட்.
முன் சீட் எனக்கு,
வாந்தி வரும் என்று முதல் நாளே சொல்லிவிட்டதால்.

அதனால் முதலில் கேட்டதும் நான்தான்.
என் கால்மாட்டில், வலது சக்கரத்துக்குள்
யாரோ எவர்சில்வர் தட்டைக்
கரண்டியால் சுரண்டுகிற மாதிரி.

"பனிம்மா" என்றார் அண்ணன்.
ராத்திரி முழுக்க மண் பார்க்கிங்கில் நிற்கிற வண்டி,
டிஸ்க்கில் சன்னமாய்த் துரு பூக்கும்,
நாலு மிதி மிதித்தால் போய்விடும்.
போயும்விட்டது.
மூன்றாவது சிக்னலுக்கு அப்பால்
ஒன்றும் நடக்காததுபோல உருண்டது கார்.
டிசம்பர், ஜனவரி,
பனியையே நம்பிக்கொண்டிருந்தோம்.

மார்ச்சில் பனி இல்லை. சத்தம் இருந்தது.
பிரேக்கை மிதித்தால் அடங்கும்,
காலை எடுத்தால் கீச்சிடும்.
தொட்டால் வாயை மூடிக்கொண்டு
விட்டால் அழுகிற பிள்ளை.
அண்ணன் எஃப்.எம்மைக் கூட்டினார்.
"எலி ஏதும் பூந்துருச்சா?" என்றாள் சுபைதா.
எதற்கும் ஒரு தொகை சொல்கிற கோட்டயத்து பிஜு
"முந்நூறு திர்ஹம்" என்றான்.
கோதண்டம் ஒன்றும் சொல்லவில்லை,
ஜன்னலோரம் எப்போதும்போல போனில் இருந்தார்.

ஒரு சாயங்காலம் குத்தவைத்து உட்கார்ந்து
ரிம்மின் சந்து வழியே டார்ச் அடித்தார் அண்ணன்.
"பாரு, ஏழு மில்லி இருக்கு பேட்.
இன்னும் ஒரு வருஷம் ஓடும்."
குனிந்து பார்த்தேன். தடிமனாய்த்தான் இருந்தது.
விரலில் ஒட்டியது கரித்தூள்.
ஞாயிறுதோறும் கிழிந்த பனியனால்
அவர் துடைத்து எறிகிற தூள்.
இத்திஹாத் ரோட்டில்
முன்வண்டியின் சிவப்பைப் பார்த்துப் பார்த்து
நாங்கள் நின்ற நிற்பெல்லாம் அதுதான்
என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

சனையா ஐந்தில் குல் ஜமான்
சக்கரத்தைக் கழற்றி, இரண்டு பேடையும்
இரண்டு உள்ளங்கையில் வைத்து நீட்டினான்.
வெளிப்பக்கத்தது பிஸ்கட் கனம்.
உள்பக்கத்தது அப்பளம்.
கிரீஸ் வற்றி பின் இறுகிப்போய்
ஒரு பக்கம் மட்டுமே
எல்லா மிதியையும் வாங்கியிருக்கிறது,
டார்ச் எட்டாத பக்கம்.

அதன் ஓரத்தில் நகம் அளவு ஒரு தகடு.
வேறு வேலையே இல்லையாம் அதற்கு.
பேட் தேய்ந்து தேய்ந்து தன் உயரத்துக்கு இறங்கியதும்
டிஸ்க்கை உரசிக் கத்த வேண்டும்,
அவ்வளவே.
சுண்டிக் காட்டினான். டிங்.
"ஒரு மாசமா கத்தியிருக்கு, பாய்.
இன்னும் பத்து நாள் விட்டா
இரும்பும் இரும்பும்."
அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல்
பர்ஸை எடுத்தார்.

ஜோடியாய்த்தான் மாற்ற வேண்டும் என்பதால்
இரண்டு சக்கரத்துக்கும் இருநூற்றெண்பது.
இருபதில் தோற்றதற்கு பிஜு வருத்தப்பட்டான்.
ஆளுக்கு நாற்பது போட்டோம்.
கோதண்டம் "சம்பளம் வரட்டும்" என்றார்.

புது பேட், முதல் முந்நூறு கிலோமீட்டர்
மெதுவாய் மிதிக்கச் சொல்லியிருந்தான்.
திங்கட்கிழமை,
முட்டையைத் தாங்குகிற காலோடு ஓட்டினார் அண்ணன்.
எஃப்.எம்மை அணைத்துவிட்டு
"கேக்குதா? ஒண்ணுமே கேக்கல பாத்தியா?"

கேட்டது.
மம்சார் தாண்டுகையில், பின்சீட்டிலிருந்து,
வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஒரு குரல்:
"மூக்குத்தியை மட்டும் வைக்காத.
பதினஞ்சாம் தேதிக்குள்ள எப்படியும் அனுப்பிடுறேன்.
வைக்காத, சொல்றேன்ல."

இத்தனை மாதமும் அந்தக் கீச்சுக்கு அடியில்
அவர் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.
கார் முழுக்கக் கேட்கிறது என்று
அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.
"அப்புறம் பேசறேன்."

முன்னால் சிவப்பு.
சத்தமே இல்லாமல் நின்றோம்.
சுபைதா துப்பட்டா நுனியைச் சுருட்டினாள்.
பிஜு எந்தத் தொகையும் சொல்லவில்லை.

ரோலண்ட் அண்ணன் கையை நீட்டி
எஃப்.எம்மைப் போட்டார்,
வழக்கத்தைவிட இரண்டு புள்ளி அதிகமாக.