நகல் மனு

எண் சொல்லுங்க என்றார் ஜன்னலுக்குள் இருந்தவர்.
காசிமேட்டில் லாஞ்சு எரிந்த வருஷம்,
மழைக்கு முந்தி விடுதலை என்றேன்.
"லாஞ்சு எரிஞ்சதெல்லாம் ரிஜிஸ்டர்ல ஏறாது."

வீட்டில் அம்சவேணி
பரணிலிருந்து தள்ளிவிட்டாள் ஒரு நோட்டை.
வஞ்சிரம், வவ்வால், யார் யார் கடன்.
கடைசிப் பக்கத்தில் என் வாய்தாக்கள்:
பஸ் நாலு, டீ மூணு,
குமாஸ்தாவுக்கு ஐம்பது, அதை அடித்து நூறு.
எண்ணெய்க் கறைக்குக் கீழே
சி.சி. 318 / 99.
பதினேழு வாய்தா.
நான் பன்னிரண்டு என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நகல் எதற்கு என்று மனுவில் ஒரு கோடு.
துறைமுக பாஸுக்கு என்று எழுதினேன்.
இன்னொன்றும் இருந்தது,
கோடு போதவில்லை.
வில்லை ஒட்டிய பசை
ஜார்ஜ் டவுன் தாண்டியும் நாக்கில் கசந்தது.

மூன்றாம் வாரம்
பதிவறைத் தூசியோடு வந்தார்.
"சாட்சி வாக்குமூலம் கெடு முடிஞ்சி
அழிச்சாச்சி.
தீர்ப்பு மட்டும் இருக்கு, நாலு பக்கம்."

அப்படியென்றால்
கூண்டில் ஏறி என் முகம் பார்க்காமல்
குணாளன் சொன்னது
இனி அவனிடம் கொஞ்சம்,
என்னிடம் கொஞ்சம்.
இரண்டையும் ஒட்டினாலும் ஒரு பக்கம் தேறாது.

நாலாம் பக்கத்தில் ஊதா முத்திரை: உண்மை நகல்.
அதற்கு மேலே
தேசப்பன் தேசய்யனாகி விடுதலையாகியிருந்தான்.
திருத்த வேறு மனுவாம்.

அம்சவேணி நோட்டைப் பிரித்தாள்.
பஸ், டீ, ஜெராக்ஸ் எழுதினாள்.
எண்ணிப் பார்த்து
"பதினெட்டு" என்றாள்.