இருப்பு ஒன்பது நாள்

திரைச்சீலையை இழுத்துவிடச் சொன்னார்கள்,
படம் தெளிவாகத் தெரியவேண்டுமாம்.
அப்படித்தான் கடல் மறைந்தது.
அதுவரை மூன்று கப்பல்கள்
துறைமுக வாய்க்கு வெளியே
மழைக்குள் நின்றுகொண்டிருந்தன.

கோட்டை வளாகம், பத்தாவது மாடி.
பொருளாதாரம், எரிசக்தி: காலாண்டு ஆய்வு.
நான்கு அமைச்சர்கள், பதினாறு அதிகாரிகள்,
தலைக்கொரு தட்டு முந்திரி,
குறிப்பெடுக்க நான்.

என் தொழிலில் எழுவாய் கிடையாது.
தெரிவிக்கப்பட்டது. வலியுறுத்தப்பட்டது.
கவனத்தில் கொள்ளப்பட்டது.
ஒருவர் மேசையைத் தட்டிச் சொன்னதும்
என் தாளில் வந்து இறங்கும்போது
யாரும் சொல்லாததாகிவிடும்.
இருபத்திரண்டு வருடப் பழக்கம்.
வீட்டில் அடுப்பணைக்க மறந்தால்
"பால் பொங்கவிடப்பட்டது" என்கிறான் மகன்.

முதல் பொருள், வளர்ச்சி.
ஒரகடத்துக்கும் ஒசூருக்கும் மேலே
நீலக் கம்பங்கள் எழும்பி நின்றன.
நிதி அமைச்சர் மெய்யழகர்
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார்.
"நல்லாருக்கு. கொஞ்சம் பச்சை சேர்க்கலாமே?"
படத்துக்கா, கொள்கைக்கா என்று
யாரும் கேட்கவில்லை.
இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி எழுதினேன்.

இரண்டாம் பொருள்.
ஆடியில் அடித்த காற்று ஐப்பசியில் இல்லை,
சூரியனும் வாரமாய் விடுப்பில்.
ஆனாலும் கவலையில்லை என்றது அடுத்த படம்,
நிலக்கரி இருப்பு: ஒன்பது நாள்.

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.
எண்ணூர்ப் பக்கத்து அனல் நிலையத்திலிருந்து
யாருக்கோ பதிலாக வந்திருந்த பொறியாளர் பிலோமினா.
செருப்பின் விளிம்பில் சாம்பல்
ஒரு கோலக்கோடு போலப் படிந்திருந்தது.
"ஒன்பது இல்ல சார், அஞ்சரை.
மீதி நனைஞ்சு கெடக்கு.
எடை போட்டா கணக்குல வரும்,
எரிச்சா எரியாது."

பதினொரு விநாடி.
பென்சில் தொங்கிக்கொண்டிருந்ததால்
எண்ணினேன்.
செயலர் இரகோத்தமனின் விரல்
அடுத்த படத்துக்கான பொத்தான்மேல் இருந்தது,
அழுத்தவில்லை.
ஒரு தண்ணீர் பாட்டில் திறக்கப்பட்டு
குடிக்கப்படாமல் மூடப்பட்டது.
யாரோ முந்திரியை
மெல்லுவதா வேண்டாமா என்று
கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்தார்.

இதற்கு என்ன வினைமுற்று?
மௌனிக்கப்பட்டது என்று
எந்த அரசாணையிலும் பார்த்ததில்லை.

"அடுத்த பொருள்," என்றது ஒரு குரல்.
பென்சிலுக்கு உயிர் வந்தது.

எல்லோரும் இறங்கிப் போனபின்
கோப்பை எடுக்க வந்த முனிரத்தினம்
திரைச்சீலையைத் திறந்தார்.
"காலைல மூணுதானே இருந்துச்சு?"
நாலு நின்றன.
"நிக்கிற நாளுக்கெல்லாம் வாடகை உண்டாமே,
யாரு கட்டுவாங்க?"
கூட்டம் முடிந்துவிட்டிருந்ததால்
அதை நான் குறிக்கவில்லை.

வரைவில் எழுதினேன்,
'இருப்பின் ஒரு பகுதி ஈரமாக உள்ளதாகத் தெரிவிக்கப்பட்டது.'
மறுநாள் பச்சை மையோடு திரும்பி வந்தது.
ஈரம் என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம்,
ஓரத்தில் 'தவிர்க்கலாம்'.
தவிர்த்தேன்.
'இருப்பு நிலை விரிவாக விவாதிக்கப்பட்டது.'
இலக்கணப் பிழை எதுவும் இல்லை.

பிலோமினா போன் செய்தார்.
"நான் சொன்னது ஏறிச்சா மேடம்?"
"ஏறிச்சு."
"ஈரம்?"
"அது காஞ்சிடுச்சு மேடம்."
சிரித்தார். பின்னால்
தகரக் கூரையில் மழை.
"இங்க இன்னும் காயலையே,"
என்றுவிட்டு வைத்தார்.

அன்று இரவு எட்டு பத்துக்கு
வியாசர்பாடியில் கரண்ட் போனது.
மின்தடை ஏற்பட்டது
என்று மனசுக்குள் எழுதிக்கொண்டே
மெழுகுவத்தி தேடினேன்.
எதிர் மாடியிலிருந்து ஒருவர்
இருட்டைப் பார்த்துத் திட்டத் தொடங்கினார்,
எழுவாய், பயனிலை,
இலாகா, அப்பன் பெயர்,
ஒன்றையும் தவிர்க்காமல்.