மரண உதவிச் சங்கத்தின் ஏழாவது தீர்மானம்

எங்கள் சங்கத்துக்கு ஒரு கொப்பி உண்டு,
இருபது நாற்காலி, ஒரு பெற்றோல்மெக்ஸ்,
பாதி கிழிந்த தறப்பாள்.
வீட்டுக்கு மாதம் நூற்றைம்பது.
யார் செத்தாலும் தலவாக்கலையிலிருந்து
பெட்டி அன்றைக்கே மலையேறிவிடும்.
இதைத் தவிர
எங்களுக்கென்று நாங்களே சட்டம் போட
இந்தத் தோட்டத்தில் வேறு இடமில்லை.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை
மருத்துவிச்சி நோனா சங்கக் கூட்டத்துக்கே வந்தார்.
நிறை அட்டைகளை மேசையில் பரப்பினார்.
பச்சைக்குள் பதினொரு பிள்ளைகள்.
கோட்டுக்குக் கீழே இருபத்துமூன்று.
"தராசு பிழையா இருக்கும்" என்றார் யாரோ.
சிரித்தோம்.
ஈரமென்றும் சாக்கென்றும்
நாளுக்கு இரண்டு கிலோ கழிபடுகிறவர்கள் நாங்கள்.
பிறகு சிரிப்பு தானாக நின்றது.
பிள்ளைகளில் கழித்தது யார்?

கந்தப்பளைக் கரட் லொறி
எங்கள் வளைவில்தான் கியர் மாற்றுகிறது.
லீக்ஸ் வாசம் லயத்துக்குள் வந்து போகும்.
கரட் கொழும்புக்கு.
எங்கள் பிள்ளைகளுக்குக்
காலையில் ரொட்டி, சாயத்தண்ணி,
பத்து மணிக்கு சவரியம்மா கடைப் பக்கெட்.
நாக்கு ஊதாவாகும், வயிறு ஏமாறும்.

ஓடி விளையாட விடுங்கள் என்றார் நோனா.
எங்கே ஓட?
ஏறினால் தேயிலை, இறங்கினால் ஆறு.
தட்டையாக மிஞ்சிய ஒரே துண்டு
மயானத்து வழியில்
பாடையை இறக்கி வைக்கிற இடம்.
அது சங்கத்தின் பொறுப்பில்.

"அங்கேயா?" என்று ஒரே இரைச்சல்.
வாசலில் நின்ற கபிஷன்
"அங்கதானே எப்பவும் விளையாடுறோம்" என்றான்.
அவன் அப்பா முறைத்தது குறிப்பில் இல்லை.

எழுதினேன்:
நாலரைக்கு மேல் அந்த இடம் பிள்ளைகளுக்கு,
சாவு விழுந்த நாள் தவிர.
பந்து உருண்டால் ஆறு வரை போகும்;
குழி வெட்டும் முறைப்படியே
ஆளுக்கொரு நாள் கீழ்ச்சரிவில் நிற்க வேண்டும்.
செவ்வாயும் வெள்ளியும் பொம்பளைப் பிள்ளைகளுக்கு.
முன்மொழிந்தவள் ஹம்சவேணி.
வழிமொழிய ஒரு கை உயர
நெடுநேரம் பிடித்தது.

பள்ளிக்கூட நாளில் கலர்ப் பக்கெட் விற்பதில்லை.
"என் நட்டத்த யாரு கட்டுறது?"
சவரியம்மா எழுந்து நின்றார்.
நியாயமான கேள்வி.
ஒரு மூட்டை கவ்பி, ஒரு மூட்டை கடலை,
முதல் முறை சங்கக் காசில் என்றோம்.
"நாளைக்கே ஒரு சாவு விழுந்தா?"
என்றார் பொருளாளர்.
யாரும் பேசவில்லை.
பெற்றோல்மெக்ஸ் மட்டும் இரைந்தது.
பிறகு கொழுந்துக் கறை படிந்த கைகள்
ஒவ்வொன்றாக மேலே போயின.
எண்ணினேன், நாற்பத்தொன்று.
பொருளாளருடையது கடைசி.

எல்லாம் சரியாகிவிடவில்லை.
பாண் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறது,
அதை நிறுத்தத் தீர்மானத்தில் வரியில்லை.
அவித்த கவ்பியில் தேங்காய்ப்பூ போதவில்லை என்று
பிள்ளைகள் சவரியம்மாவோடு சண்டை.
முதல் தண்டம் ஐம்பது ரூபாய் கட்டியது நான்:
இரவு வேலை, தலையிடி,
மகளின் அழுகையை அடைக்கப்
பையில் ஒளித்து வைத்திருந்த ஒரு பக்கெட்.
என் பேரை என் கையாலேயே எழுதினேன்.

நேற்று முறை பிச்சமுத்துவுக்கு.
இருபது வருடம்
இந்த மலையின் குழிகளை வெட்டியவர்.
நாலே முக்காலுக்குப் பனி இறங்கி
மைதானம் மறைந்தது, பிள்ளைகள் மறைந்தார்கள்,
பந்து எப்போதோ மறைந்திருந்தது.
மேலேயிருந்து கத்தினார்கள்,
"மாமா, எந்தப் பக்கம்?"
கால்களை அகட்டி, குனிந்து,
செடியில் எதுவோ உரசிக்கொண்டு இறங்குவதைக்
காதால் பார்த்தபடி
"சத்தம் போடாதீங்க" என்றார்.
"வருது."