சுற்றுலா எண் 4: அரிட்டாபட்டி

அச்சடித்த தாளில் எல்லாம் இருக்கிறது.
ஆறரைக்கு வேன். எட்டுக்கு மலை.
எட்டரைக்குக் குகைக் கல்வெட்டு.
பத்தரைக்கு இளநீர், தலைக்கு ஒன்று.
பன்னிரண்டுக்கு கே.கே. நகர், விடுதி, சாப்பாடு.
கீழே என் கையெழுத்து:
இரா. அங்கயற்கண்ணி, பண்பாட்டுச் செயல்பாடுகள்.
ஆறு வாரம் தமிழ் படிக்க
ஸ்பெயினிலிருந்து வந்த ஏழு பேருக்கும்
ஆளுக்கொரு நகல்.
டிரைவர் சோணைமுத்துவுக்கும் ஒன்று.
அவர் அதில் வடையை மடித்தார்.

போன சனி மாட்டுத்தாவணிப் பூச்சந்தை.
முழம் என்றால் என்னவென்று
பூக்காரி அளந்து காட்டியதும்
கொன்சாலோ தன் கையை நீட்டி
எனக்கு இந்தக் கையால் வேண்டும் என்றான்.
ஆறே கால் அடி உயரம் அவன்.
அந்தக் கைக்கு அந்த வெல, என்றாள் அவள்.
பாடநூலில் அந்தப் பக்கம் இல்லை.

நேரேயாவின் நோட்டில் நடுவே ஒரு கோடு.
இடப்பக்கம் வகுப்பு: எங்கிருந்து வருகிறார்கள்.
வலப்பக்கம் தெரு: எங்கிட்டிருந்து வாராய்ங்க.
வலப்பக்கம்தான் சீக்கிரம் நிறைந்தது.

நரசிங்கம்பட்டி தாண்டவில்லை,
பின்சக்கரம் பெருமூச்சு விட்டு
உட்கார்ந்துகொண்டது.
ஸ்டெப்னி? என்று கேட்டேன்.
சோணைமுத்து வானத்தைப் பார்த்தார்.

பஞ்சர் கடை ஜக்கரியா
ட்யூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி
மெல்ல மெல்லத் திருப்பினார்.
சுற்றிலும் ஏழு தலைகள், மூச்சைப் பிடித்துக்கொண்டு.
குமிழி கிளம்பியதும் கைதட்டினார்கள்.
இருவது வருசமா ஒட்டுறேன், என்றார் அவர்,
இதுக்கு ஒருத்தரும் கைதட்டுனதில்ல.

எனக்குத் தாளைப் பார்க்கவே பயமாக இருந்தது.
மணி பத்தே கால்.

அப்போதுதான் நேரேயா அவரிடம் கேட்டாள்:
நாம எப்ப மலைக்குப் போவோம்?

செவ்வாய்க்கிழமைதான் அந்தப் பாடம்.
கேட்பவரைச் சேர்த்தால் நாம்,
விட்டுவிட்டால் நாங்கள்.
அவர்கள் ஊரில் இரண்டுக்கும் ஒரே சொல்.
பலகையில் வட்டம் போட்டு, உள்ளே ஆள், வெளியே ஆள் என்று
முக்கால் மணி நேரம் விளக்கியிருந்தார்கள்.
திருத்த வாயைத் திறந்தேன்.
அதற்குள் ஜக்கரியா
கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு
கடையைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார்.
நாமளா?
போவோமே, என்று
ஷட்டரை இறக்கினார்.

அரிட்டாபட்டிப் பாறை அதற்குள் தோசைக்கல்.
செருப்பைக் கழற்றிய இடத்திலிருந்து
குதித்துக் குதித்து ஏறினோம்.
பக்கத்து ஊர்க்காரர்தான்,
ஆனால் இந்தக் குகைக்கு ஜக்கரியா வந்ததில்லை.
தலைக்கு மேலே கல்லில்
ஈராயிரம் வருசத்துக் கோடுகள், வளைவுகள்.
யாருக்கு எழுதுனாய்ங்க, என்று கேட்டார்.
படுக்கை வெட்டிக்கொடுத்தவர் பேர் இருக்கும், என்றேன்.
அப்ப நம்ம கடை போர்டு மாதிரிதான், என்றார்.
நேரேயா அதை எழுதிக்கொண்டாள்.
எந்தப் பக்கம் என்று நான் பார்க்கவில்லை.

இளநீர் ஒன்று குறைந்தது.
தாளில் அவர் பெயர் இல்லையே.
கொன்சாலோவும் அவரும்
ஒரு காய்க்கு இரண்டு ஸ்ட்ரா போட்டுக்கொண்டு
கால்பந்து பேசினார்கள்,
ஆட்டக்காரர்களின் பெயர்களை மட்டும் வைத்து,
அரை மணி நேரம்.

ஆறாம் வாரம், விமான நிலைய வாசல்.
ஏழாவது பெட்டியையும் இறக்கியாயிற்று.
நேரேயா என் கையைப் பிடித்தாள்.
நாங்க கிளம்புறோம் அக்கா.

சரியான வாக்கியம்.
எங்கும் ஒரு பிழை இல்லை.
ரொம்ப நல்லா சொல்ற, என்றேன்.
வாசல் கண்ணாடி திறந்து மூடியது.

பத்து நிமிசம் தாண்டினால் பார்க்கிங் காசு என்று
சோணைமுத்து ஹாரன் அடித்தார்.
வேனில் ஏழு சீட்டு காலி.
ஒன்றின் அடியில் உருண்டபடி
யாரோ விட்ட தண்ணீர் பாட்டில்.
பெருங்குடி வரை அவரும் பேசவில்லை.
பிறகு, கண்ணாடியில் என்னைப் பார்க்காமலே,
நாம ஒரு டீயப் போடுவமா, என்றார்.