அறு

மூலனூர்ப் பருத்தி மண்டியிலிருந்து
மொபெட்டில், கோணிப்பைமேல் உட்கார்ந்து வந்தது
ஆம்ப்ளிபயர்.
கொண்டுவந்தவர் ஏலம் கூறுகிற குழந்தைவேலு.
"குமிழைத் திருகுனாப் போதுமுங் அம்மிணி,
சோளத்தட்டுக்குள்ள எருமை பூந்தாட்டச் சத்தம்."

நேற்று அந்தச் சத்தம்தான் வழக்காகிவிட்டதாம்.
ஏழாயிரத்து அறுநூறு என்று கூவும்போதே
கை தானாக வால்யூமைக் கூட்டியிருக்கிறது.
கரகரப்பு 'அறு'வைத் தின்றுவிட்டது.
பக்கத்தில் நின்றவர்களுக்கு வாயிலிருந்தே கேட்டது, அறுநூறு.
வேப்பமரத்துக் குழாய் ஸ்பீக்கரில்
வெறும் நூறு.
எட்டு மூட்டைக்காரி நாச்சக்காள் ஒன்று சொல்ல
மில்லுக்கு வாங்குகிற சாமியப்பன் ஒன்று சொல்ல
தராசு அப்படியே நின்றுபோனது.

எல்லாரும் குமிழைத்தான் திட்டுகிறார்கள்.
வெள்ளகோயிலில் யாரோ இரண்டு முறை மாற்றியும் விட்டார்களாம்.
பாவம், அது என்ன செய்யும்?
அதற்கு முன்னால் கடலைப்பருப்பளவில் ஒரு கெப்பாசிட்டர்.
அசையாத மின்சாரத்தை அங்கேயே நிறுத்திவிட்டு
ஆடுகிற பேச்சை மட்டும் அப்பால் விடவேண்டும்.
வயசாகிக் கசிகிறது.
கசிந்தது குமிழின் கரிப்பட்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டு
விரல் நகரும்போதெல்லாம் கத்துகிறது.
மல்டிமீட்டரை வைத்தேன்:
சைபர் இருக்கவேண்டிய இடத்தில்
இரண்டேகால் வோல்ட்.

அவசரத்தில், டப்பாவில் கைக்கு வந்ததைப் பற்றவைத்தேன்.
தப்பு. பாயிண்ட் சைபர் ஒன்று.
குழந்தைவேலு மைக்கில் "ஏழாயிரம்" என்றார்.
அடிக்குரல் முழுக்க வாசலிலேயே நின்றுவிட
மூக்கு மட்டும் உள்ளே வந்தது.
டீ கொண்டுவந்த பையன் சிரித்துச் சிந்தினான்.
"தகர டப்பால மாட்டுன வண்டாட்ட இருக்குதுங்!"

ஈயத்தை உருக்கி எடுத்தேன்.
நாலு புள்ளி ஏழு மைக்ரோபாரட், புதுசு,
கோடு போட்ட கால் எந்தப் பக்கமென்று
இரண்டு முறை பார்த்து வைத்தேன்.
இப்போது குமிழ் திரும்புவதே தெரியவில்லை.
அவர் தொண்டை முழுசாக வந்தது,
வெற்றிலைக் கமறல் உட்பட.
அதற்கு என்னிடம் பாகமில்லை.

நாச்சக்காள் எப்போது வந்து நின்றாளோ.
"ஏனுங், நேத்து சொன்னதை
இதுல இன்னொருக்காப் போட முடியுமுங்ளா?"

மூடி கழன்றே கிடந்தது.
பவர் சப்ளைப் பக்கம்
பெருவிரல் தடிமனில் இன்னொரு கெப்பாசிட்டர்.
பிளக்கைப் பிடுங்கினேன்.
திருப்புளியால் அதன் இரண்டு காலையும் சேர்த்துத் தொட்டேன்.
பொட்டென்று ஒரு நீலப் பொறி.

"மின்சாரம்னா வெச்சிருக்குமுங்க்கா."

அவள் குழந்தைவேலுவைப் பார்த்தாள்.
அவர் குமிழைப் பார்த்துக்கொண்டிருந்தார்.