பனியைக் கழித்து

ரை ரொட்டியைத் தொட்டு நாற்பத்தொரு நாளாச்சு.
இருந்தும் ராய்லியின் குளியலறை மெஷின்
இன்று அறுநூறு கிராம் கூட்டிச் சொல்கிறது.

விரல்நுனிச் சொட்டு சொன்னது: ஆறு புள்ளி ஒன்று.
மருத்துவர் கேட்டால் மகிழ்வார்.
அவள் காதில் விழவில்லை.
மோதிரத்தைக் கழற்றினாள்,
மூச்சை முழுக்க விட்டுவிட்டு ஏறினாள்,
மெஷினை ஜன்னலோரம் நகர்த்தி இன்னொருமுறை.
அறுநூறு நகரவில்லை.

ஃபின்லாந்தின் கயானியில், மர ஆலை வாசலில்,
அவளுக்கு எடைமேடை உத்தியோகம்.
முதல் லாரி ஒஸ்மோவுடையது,
பைன் கட்டைகள்மேல் ஒரு சாண் பனி.
“இதில் மரம் எவ்வளவு, வானம் எவ்வளவு?”
கேட்டுக்கொண்டே
பத்தொன்பது வருடக் கையால்
பனியைக் கழித்து எழுதினாள்.

கழித்த பேனா அப்படியே நின்றது.

நேற்று ராத்திரி உப்பில் ஊறிய சால்மன்,
இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டது.
உப்பு தண்ணீரை விடாது.
முதல் வாரம் மூன்று கிலோ போனதே,
அதிலும் பாதிக்கு மேல் தண்ணீர்தான்:
ரொட்டி இருந்த இடத்தில் அதுவும் குடியிருந்து
ரொட்டியோடு காலி செய்துகொண்டு போனது.
அன்றைக்கு மட்டும் ஒன்றையும் கழிக்காமல்
அக்காவுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டாள்.

பின்னால் லாரி ஹாரன் அடிக்கிறது.
நாளைக்கு ஏறமாட்டேன் என்று சொல்லிக்கொண்டாள்.
ஏறுவாள்.
காலுறையோடு.