நாலு யூனிட்

முப்பத்தாறு என்றுதான் டப்பியில் போட்டிருக்கும்.
நுனியைக் கஞ்சத்தனமாய்ச் சுற்றினால்
முப்பத்தெட்டு வரை இழுக்கலாம்.
கழுவும் கூலி, கூரியர் எல்லாம் சேர்த்தால்
ஒரு படம் இரண்டு டீ, ஒரு பருப்பு வடை.
எனவே பள்ளத்தூரில்
எதையும் நான் சும்மா பார்ப்பதில்லை.

கரண்ட் கணக்கெடுக்கிற வேலை.
இரண்டு மாதத்துக்கு ஒரு தரம்
எல்லா வாசலிலும் நிற்பேன்.
"மீட்டரம்மா வந்தாச்சு" என்று நாயிடம் சொல்வார்கள்.
நாய் குரைக்கும். எண்ணைக் குறிப்பேன். அடுத்த வாசல்.
பதினாலு வருஷமாய்
வீடுகளை யூனிட்டாகத்தான் தெரியும்:
முந்நூற்றுப் பத்து, மாவு அரைத்து விற்கிற உமையாள்.
ஆயிரத்து நூறு, ஏசி போட்டுக் கல்யாணத்துக்கு விடுகிற வீடு.
மேலத்தெருவில்
பூஜ்யம், பூஜ்யம்,
இரண்டு காவல்காரர்கள், பூஜ்யம்.

கேமரா காரைக்குடியில் கிடைத்தது,
பீங்கான் ஜாடிக்கும் எனாமல் தூக்குக்கும் நடுவே.
"ஓடாதுங்க, அழகுக்கு வச்சுக்கங்க" என்றார் கடைக்காரர்.
ஓடுகிறது.
வெளிச்சம் காட்டுகிற முள் மட்டும் செத்துவிட்டது.
அதனால் வெயிலையும் நானே கணக்கெடுக்கிறேன்:
நடுத்தெருவில் பதினாறு,
வேப்பமர நிழலில் எட்டு,
இரண்டு மதில்களுக்கு இடையிலான சந்தில்
கடவுள் விட்ட வழி.

வெளியூர்க்காரர்கள் காரை நிறுத்தி
முகப்பை எடுப்பார்கள்,
முகப்புக்கு முன்னால் தங்களை எடுப்பார்கள்.
நான் எடுத்தது
ஃப்யூஸ் கட்டைக்குள் கூடு கட்டிய குளவி,
இஸ்திரிக்கார அடைக்கலம் கரி ஊதும்போது உப்பும் கன்னம்,
யாரோ சாக்பீஸால் மதிலில் எழுதி
யாரோ பாதி அழித்த கடன் பாக்கி.
ஒன்பதாவது படம் மட்டும் ஒரு முகப்பு.
அதுவும் மீட்டருக்காக எடுத்தது:
04417.
பதினோரு பில்லாக ஒரே எண்.

இந்த ஊரில் ஒரு வீடு
ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும்.
நான் குடியிருப்பது முடிகிற தெரு.
என் ஜன்னலுக்கு எதிரே எப்போதும் ஒரு கொல்லைச்சுவர்,
மேலே இருட்டாய் ஒரு மாடி.
சுருளைத் தீர்க்க வேண்டும் என்பதற்காக
ஒரு ராத்திரி, சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல்,
கேமராவை ஜன்னல் கட்டையில் வைத்து
மூச்சைப் பிடித்துக்கொண்டு
நாலு நொடி திறந்தேன்.
முப்பத்தெட்டு.

கோயம்புத்தூர் போன சுருள்
பன்னிரண்டு நாளில் வந்தது.
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன்.
ஒன்பதில், மொட்டைமாடி ஆன்டெனா
இடப்பக்கம் சாய்ந்திருந்தது.
முப்பத்தெட்டில் வலப்பக்கம்.
அதே ஆன்டெனா,
அதில் சிக்கிய அதே கிழிந்த பட்டம்.

தினமும் பல் தேய்த்தபடி நான் பார்க்கிற சுவரும்
வருஷத்துக்கு ஆறு தடவை "கதவு பூட்டு" என்று குறிக்கிற வீடும்
ஒன்றுதான் என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.
சொல்ல வேண்டிய ஆள் நான்தான்.

பிறகுதான் அந்தப் புள்ளி.
நெகட்டிவில் இருட்டெல்லாம் கண்ணாடி போல் தெளிந்திருக்கும்,
எரிகிற விளக்குதான் கருப்பு.
மாடியின் மூன்றாவது ஜன்னலில்
கடுகு அளவுக்கு ஒரு கருப்பு.
தூசி என்று ஊதினேன்.
போகவில்லை.

அடுத்த கணக்குக்குப் போனேன்.
தலைவாசலில் பூட்டு, பூட்டின் மேல் சிலந்தி வலை,
எல்லாம் பழையபடி.
மீட்டரில் 04421.

நாலு யூனிட்.
நூறு வரைக்கும் இலவசம்.
யாரும் யாருக்கும் எதுவும் தர வேண்டாம்.
உள்ளே எங்கோ, மூன்று முற்றம் தாண்டி,
குக்கர் ஒரு விசில் அடித்து
பயந்தது போல் அடங்கியது.

"யாரும் வந்திருக்காகளா?" என்று
வண்டியடியிலிருந்து கேட்டார் அடைக்கலம்.
"பூட்டித்தான் இருக்கு" என்றேன்.
பூட்டித்தான் இருந்தது.

எண்ணைக் குறித்தேன். குறித்த பிறகு
கேமராவை எடுத்து, மீட்டரை அல்ல,
என் செருப்பையும் வாசல்படியையும் சேர்த்து
எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று.
கவுண்டர் முப்பத்தேழைக் காட்டியது.
லீவரை மெதுவாகத் தள்ளிப் பார்த்தேன்.
இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்தது.